எழுத்தறிவு எம்மொழியில்? – பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதித் தமிழருக்கான முதியோர் கற்றல் கருவிகள்: ஒரு திறனாய்வு

1991ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கோழிக்கோட்டில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பைச் செய்தவர், எழுத்தறிவு இயக்கத்தின்வழி முதுமையில் எழுத்துக் கற்ற மலப்புறம் மாவட்டத்துச் செலக்கோடன் ஆயிஷா ஆவார். இந்திய எழுத்தறிவு வரலாற்றில் இந்நாள் பெரிதும் போற்றப்படுகிறது. அப்போற்றுதலுக்கு அது தகுதியுடையதே. எனினும், அவ்வறிவிப்புக்கு அடிப்படையாகிய எழுத்தறிவு என்னும் கருத்தாக்கத்தில் ஒரு வினா விடையின்றி நிற்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறைப்படி, ஏழு வயதும் அதற்கு மேலும் உடைய ஒருவர் ஏதேனும் ஒரு மொழியில் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் வல்லவராயின் அவர் எழுத்தறிவு பெற்றவர். 'ஏதேனும் ஒரு மொழி' என்னும் தொடர் கணக்கெடுப்போருக்கு வசதியானது. எல்லைப் பகுதியில் வாழ்வோருக்கு அதுவே சிக்கலின் தொடக்கம். தேவிகுளத்திலோ சிற்றூரிலோ தமிழ் எழுத்தைக் கற்ற ஒரு முதியவர் கணக்கில் எழுத்தறிந்தவர். அவர் கையில் வரும் நில ஆவணமோ மருத்துவச் சீட்டோ மலையாளத்தில் இருக்கும்போது, அத்தாளின் முன் அவர் எழுத்தறியாதவர். மலையாள அரிச்சுவடியைக் கற்றவர் நிலையும் வேறு வகையில் இதுவே. அவர் எழுத்தைக் கூட்டி ஒலியை அடைகிறார், பொருளை அடைவதில்லை.

இப்பகுதித் தமிழருக்குக் கிடைக்கும் முதியோர் கற்றல் கருவிகள் இரு ஊற்றுகளிலிருந்து வருகின்றன. ஒன்று, தமிழ்நாட்டுச் சூழலை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட தமிழ்ப் பாடநூல். மற்றொன்று, கேரளத்துக்கு மலையாளத்தில் எழுதப்பட்டதும் அதன் தமிழாக்கமும். இரண்டும் கற்போர் ஒரு மொழிக்குள் வாழ்பவர் என்று கொள்கின்றன. இக்கோளே இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

1. மக்களும் மொழியும்

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஐந்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர். மாநில மக்களில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காட்டினர். இவர்களுள் எல்லைப் பகுதியினர் ஒரே தன்மையினர் அல்லர். பழைய கொச்சி அரசின் பகுதியாயிருந்த சிற்றூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி முதலிய ஊர்களில் வாழ்வோர் பெரும்பாலும் வேளாண் குடிகள். அவர்தம் பேச்சு கொங்குக் கிளைமொழியோடு இயைந்தது. திருவிதாங்கூரிலிருந்து வந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் உள்ளோர் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழியினர். அவர்தம் பேச்சில் தென்மாவட்டக் கூறுகள் மிகுதி. முன்னவருக்கு நிலமும் நீரும் பாலும் வாழ்வின் மையம். பின்னவருக்குக் கூலியும் லயமும். இருவருக்கும் ஒரே பாடநூல் என்பது எளிதில் நியாயப்படுத்தத்தக்கதன்று.

அட்டப்பாடி இருளரையும், 2010இல் தனிப் பஞ்சாயத்தாகிய இடமலைக்குடி முதுவரையும் 'தமிழ் பேசுவோர்' என்னும் தொகுதிக்குள் அடைத்துவிடுவதும் பிழை. அவர்களுக்குத் தமிழ்ப் பாடநூலும் இரண்டாம் மொழிப் பாடநூலே. அது தனி ஆய்வுக்கு உரியது.

2. அளவுகோலும் அதில் விடுபட்டதும்

1988 மே மாதம் தொடங்கப்பெற்ற தேசிய எழுத்தறிவு இயக்கம், கற்றலின் வேகத்தையும் உள்ளடக்கத்தையும் மேம்படுத்தும் முறை ஒன்றை வகுத்தது. மூன்று படிநிலைப் பாடநூல்கள், நூலுக்குள்ளேயே பயிற்சியும் தேர்வும், ஏறத்தாழ 200 மணி நேரக் கற்றல் என்பது அதன் அமைப்பு. நிமிடத்துக்கு 30 சொற்கள் வாய்விட்டுப் படித்தல், 35 சொற்கள் மௌனமாகப் படித்தல், 7 சொற்கள் பார்த்து எழுதுதல், 5 சொற்கள் சொல்லக் கேட்டு எழுதுதல் ஆகியன அதன் தேர்ச்சி அளவுகள். அளக்கத்தக்க இலக்கு ஒன்றை வைத்தமை இம்முறையின் பெருஞ்சிறப்பு. ஆனால் 30 சொற்கள் எத்தகைய சொற்கள், எம்மொழித் தாளில் உள்ள சொற்கள் என்பதை அவ்வளவுகோல் கேட்பதில்லை. பிரையன் ஸ்ட்ரீட் 1984இல் வெளியிட்ட நூலில், எழுத்தறிவைச் சூழலிலிருந்து பிரித்துத் தன்னியல்பான ஒரு திறனாகக் காணும் நோக்கைக் கடிந்துரைத்தார். அக்கடிதலுக்கு எல்லைப் பகுதியைவிடப் பொருத்தமான சான்று அரிது.

எண்ணறிவில் இக்குறை இன்னும் வெளிப்படை. அவ்வியக்கத்தின் வரையறையில் கணக்கு 'பின்னம் இன்றி' என்று கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. விகிதம், வட்டி பற்றிய அறிவும் பின்னம் கலவாத அளவிலேயே வேண்டப்படுகிறது. தொடக்கநிலைக் கற்போருக்குச் சுமை கூடாது என்பது இதன் நோக்கமாகலாம். ஆனால் தோட்டத் தொழிலாளியின் ஆண்டில் மிக முதன்மையான எண் எது? 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் வகுத்த குறைந்த அளவு 8.33 விழுக்காடு, மிகுந்த அளவு 20 விழுக்காடு. முதலெண்ணே பின்னம். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கிவைத்துத் தாமே திரண்டு நடத்திய போராட்டத்துக்கு உடனடிக் காரணம், போனஸ் 20 விழுக்காட்டளவிலிருந்து 10 விழுக்காடாகக் குறைந்தமை. அக்காலத்து நாட்கூலி 232 ரூபாய். தம் வாழ்வைத் தொடும் விழுக்காட்டை அப்பெண்கள் நன்கு அறிந்திருந்தனர். பாடநூல்தான் அதை அறியவில்லை.

8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது, கணக்கீட்டுக்குச் சட்டம் வைத்த கூலி உச்சவரம்பை விட்டுவிட்டு நோக்கின், ஆண்டுக் கூலியில் ஒரு மாதக் கூலி. 20 விழுக்காடு ஐந்தில் ஒன்று. எழுத்தறியாத முதியவரும் கால், அரை, முக்கால் ஆகியவற்றை நாளும் கையாள்பவர். பழைய தமிழ்க் கணக்கில் 'மா' என்பது இருபதில் ஒன்று, அதாவது 5 விழுக்காடு. 10 விழுக்காடு இருமா. 20 விழுக்காடு நாலுமா. 'மா' இன்று வழக்கொழிந்தது, அதை மீட்டுவர வேண்டும் என்பது கருத்தன்று. பின்னம் முதியோருக்குக் கடினம் என்னும் எண்ணம் அவர்தம் பேச்சு மொழியை நோக்காததால் எழுந்தது என்பதே இங்குச் சுட்டத்தக்கது. சிற்றூர்ப் பகுதியில் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றுபவருக்கும் கொழுப்பளவு புள்ளி வைத்த எண்ணாகவே எழுதப்படுகிறது. விலை அதைப் பொறுத்தது.

3. ஒலி ஒன்று, பொருள் வேறு

தமிழும் மலையாளமும் நெருங்கிய மொழிகள் என்பதால் ஒன்றை அறிந்தவர் மற்றொன்றை எளிதில் கற்பர் என்பது பொதுவான நம்பிக்கை. பேச்சைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. எல்லைத் தமிழர் பலர் சந்தையிலும் பேருந்திலும் மலையாளத்தை இயல்பாகப் பேசுவர். பேச்சில் முகமும் குரலும் சூழலும் பொருளைத் திருத்தித் தருகின்றன. தாளில் அவை இல்லை. எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டும் புதுக்கற்போர் ஒரு சொல்லை அடைந்தவுடன் அவர் மனத்தில் முதலில் எழுவது தாய்மொழிப் பொருளே. நெருக்கமே இங்கு இடர்.

பணம் பெற்றுக்கொண்டதற்கான மலையாளச் சீட்டில் 'கைப்பற்றி' என்று எழுதப்படும். மலையாளத்தில் இதற்குப் 'பெற்றுக்கொண்டேன்' என்பது பொருள். தமிழர் இதைப் பறித்துக்கொண்டதாகப் படிப்பார். 'அவதி' மலையாளத்தில் விடுமுறை, தமிழில் துன்பம். 'பனி' அங்குக் காய்ச்சல். உறைபனி விழும் மூணாற்றில் தமிழருக்கு அச்சொல் நாளும் வேறொரு பொருளில் வேண்டப்படுவது. 'வெள்ளம்' மலையாளத்தில் நீர்; மருந்துச் சீட்டில் வெள்ளத்தோடு உட்கொள்ளுமாறு எழுதியிருந்தால் நகைப்பதோடு போகும். 'போக்குவரவு' அவ்வாறன்று. மலையாள வருவாய்த் துறை வழக்கில் அது நிலத்தின் உடைமையைப் பதிவேட்டில் பெயர் மாற்றுதல். போக்குவரவு செய்யாத நிலத்துக்குத் தம் பெயரில் வரி செலுத்த இயலாது. தமிழில் அச்சொல் சாலையை நினைவூட்டுமேயன்றி நிலத்தை நினைவூட்டாது. அந்த வரியும் அங்கு 'நிகுதி' அல்லது 'கரம்'. மலையாளத்தில் 'வரி' என்பது வரிசை.

'ஆதாரம்' என்னும் சொல் மும்முனைக் குழப்பம் உடையது. தமிழில் சான்று, மலையாளத்தில் நிலப் பத்திரம், 2010 முதல் வழங்கப்படும் அடையாள எண்ணாகிய 'ஆதார்' மூன்றாவது. 'ஆதாரம் கொண்டு வருக' என்னும் மலையாள அறிவிப்பைக் கண்டு அடையாள அட்டையை எடுத்துச் செல்பவர் மீண்டும் ஒரு நாட்கூலியை இழந்து வரவேண்டும். நாற்பது கிலோமீட்டர் மலைப்பாதையில் இது சிறு இழப்பன்று.

குடும்பஸ்ரீ அமைப்பு 1998இல் தொடங்கியபின் 'அயல்கூட்டம்' என்னும் சொல் ஊரெங்கும் பரவியது. மலையாளத்தில் அது அண்டை வீட்டார் கூட்டம். தமிழில் 'அயல்' அண்டையையும் குறிக்கும், அயலாரையும் குறிக்கும். எழுத்தில் படிக்கும்போது பின்னதே முந்திக்கொள்கிறது. இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வையும் காணலாம். 2015ஆம் ஆண்டுப் போராட்டத்தில் பிறந்த அமைப்பின் பெயர் 'பெம்பிளை ஒருமை'. முதற்சொல் 'பெண்பிள்ளை' என்பதன் பேச்சுத் திரிபு. இலக்கணத் தமிழில் 'ஒருமை' பன்மைக்கு எதிர்ச்சொல். தொழிலாளர் வேண்டிய பொருளாகிய ஒற்றுமை, 'ஒரும' என்னும் மலையாளச் சொல்லுக்கு உரியது. அதற்குத் தமிழ் ஐகார ஈறு தந்து வழங்கியிருக்கின்றனர். இரு மொழிகளுக்கும் நடுவில் நின்று தம் பெயரைத் தாமே ஆக்கிக்கொண்ட மக்களுக்கு, ஒரு மொழி மட்டும் அறிந்தவர் எழுதிய நூல் பாடமாக வருகிறது.

4. தமிழாக்கத்தின் குறை

மலையாளத்திலிருந்து தமிழாக்கும்போது மொழிபெயர்ப்பாளர் முன் நிற்கும் இயல்பான தெரிவு, தமிழ்நாட்டு ஆட்சிச்சொல். 'அபேக்ஷை'க்கு விண்ணப்பம், 'ஒப்பு'க்குக் கையொப்பம், வில்லேஜ் ஆபீசருக்குக் கிராம நிர்வாக அலுவலர், பட்டயத்துக்குப் பட்டா. மொழிபெயர்ப்பு நெறிப்படி இவற்றில் குற்றம் காண்பது அரிது. பயன்பாட்டு நெறிப்படி இவை கற்போரைத் தம் அலுவலகத்திலிருந்து அப்பால் கொண்டுசெல்கின்றன. தமிழ்நாட்டுக் கிராம நிர்வாக அலுவலர் பதவி 1980இல் பழைய கர்ணம், முன்சீப் முறை நீங்கியபின் உருவானது. கேரளத்து வில்லேஜ் ஆபீசர் வேறு அமைப்பின் அலுவலர். பட்டா என்பதும் பட்டயம் என்பதும் ஒரே வேரினவாயினும் ஒரே ஆவணம் அல்ல. 1999இல் தேவிகுளம் வட்டத்தில் வழங்கப்பெற்ற 530 பட்டயங்கள் 2022 ஜனவரியில் அரசாணையால் நீக்கப்பட்டன. அந்நாளில் அங்குள்ளோர் தேடிப் படித்த சொல் 'பட்டயம்'. 'பட்டா' என்று கற்பித்த நூல் அவர்களுக்கு உதவியிராது.

இங்கு ஒரு வரலாற்று முரணையும் குறிப்பிட வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு ஆட்சித்தமிழ் வடசொற்களைக் களைந்து செழித்தது. அதனால் தமிழ்நாட்டார்க்கு விளைந்த நன்மை பெரிது. ஆனால் 'அபேட்சை' போன்ற, முன்பு இரு மொழிக்கும் பொதுவாயிருந்த சொற்கள் தமிழில் மறைந்தமையால், எல்லைத் தமிழருக்கு இருந்த ஒரு பாலம் குறைந்தது. பாலமாகத் தக்க சொற்கள் தமிழ் வழக்கின் பிற பகுதிகளில் இன்றும் உள்ளன. இலங்கைத் தமிழில் ரசீதுக்குப் 'பற்றுச்சீட்டு' என்பது பெயர். கணக்கேட்டில் 'பற்று வரவு' தமிழ்நாட்டிலும் உண்டு. 'கைப்பற்றி' என்னும் மலையாளச் சொல்லை இப்'பற்று' வழியே விளக்கினால், அது பறித்தலன்று, பெறுதல் என்பது விளங்கும். இத்தகைய தொடர்பைக் காட்டுவதற்கு ஒருமொழி அகராதி போதாது.

எனவே தாளின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் சொல்லை மாற்றாது அப்படியே தந்து, அதன் பொருளைக் கற்போர் பேசும் தமிழில் உரைப்பதே முதியோர் பாடநூலின் தமிழாக்க நெறியாதல் வேண்டும். இலக்கிய மொழிபெயர்ப்பில் குறையாகக் கருதப்படும் சொற்கடன் இங்குத் தேவையாகிறது.

5. இரு சொல், இரு வரிவடிவம்

பாவுலோ பிரெய்ரே 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ முந்நூறு தொழிலாளருக்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்தறிவித்த முறை, கற்போர் வாழ்விலிருந்து எடுத்த கருச்சொற்களை அசையசையாகப் பிரித்துப் புதுச்சொற்களை ஆக்குவது. அசையெழுத்துத் தன்மையுடைய தமிழுக்கு இது நன்கு பொருந்தும். சொற்களைத் தெரிவதில்தான் திறன் உள்ளது. தோட்டப் பகுதிக்குக் 'கொழுந்து' முதற்சொல்லாகத் தோன்றலாம். ஆனால் அதில் இருபுறக் குறியும், இரு உகர வடிவங்களும், மெய்ம்மயக்கமும் ஒருங்கே வந்து மலைக்கச் செய்யும்.

'லயம்', 'பட்டயம்' என்னும் இரு சொற்களை நோக்கலாம். ல, ய, ம, ப, ட என்னும் ஐந்து எழுத்துகளும் ஒரு புள்ளியும் மட்டுமே இவற்றில் உள்ளன. இவற்றிலிருந்து படம், பலம், பயம், பல், மடம், பட்டம், மட்டம் ஆகியவற்றைக் கற்போர் தாமே ஆக்கலாம். ஒன்று குடியிருக்கும் இடம்; மற்றொன்று குடியிருக்கும் உரிமை. பேச்சுக்குரிய பொருளுக்குப் பஞ்சமில்லை.

இவ்விரு சொற்களும் மலையாளத்திலும் அதே ஒலியும் பொருளும் உடையன. மலையாள எழுத்துக்கு மாறும்போது கற்போர் எதிர்கொள்ளும் முதல் இரு வேறுபாடுகளும் இவற்றுள்ளேயே அமைந்துள்ளன. தமிழில் புள்ளி பெற்ற மகரம் வருமிடத்தில் மலையாளத்தில் ஒரு சிறு வட்டம் தனியே நிற்கும். தமிழில் புள்ளியால் பிரித்தெழுதப்படும் இரட்டை டகரம் மலையாளத்தில் ஒரே கூட்டெழுத்தாகும். யகரத்தின் வடிவம் இரண்டிலும் ஒத்தது. உ, ண, வ ஆகியனவும் அவ்வாறே. அடுத்து வரத்தக்கது 'கூலி'. 1971ஆம் ஆண்டு மலையாள எழுத்துச் சீர்திருத்தம் உகர ஊகாரக் குறிகளை மெய்யிலிருந்து பிரித்துத் தனியே நிறுத்தியது. 1978ஆம் ஆண்டு தமிழ்ச் சீர்திருத்தம் ஆகார, ஐகார வடிவங்களைச் சீராக்கியதேயன்றி உகர ஊகாரங்களைத் தொடவில்லை. ஆகவே இவ்விடத்தில் மலையாளம் எளிது, தமிழ் அரிது. தமிழ் முற்றும் கற்றபின்னரே மலையாளம் என்று காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

வல்லினத்தில் ஒலிப்புடை, மூச்சுடை ஒலிகளுக்கு மலையாளத்தில் உள்ள தனி எழுத்துகள் பின்னர் வரத்தக்கவை. அவை பெரும்பாலும் வடசொற்களில் வருவன. அலுவலகத் தாளுக்குத் தேவை, தொடக்கத்துக்குத் தேவையில்லை.

6. எதிர்வாதம்

மலையாளமே தேவையெனின் நேராக மலையாளத்தையே கற்பிக்கலாமே என்பது வலுவான வினா. பயனை விரும்பும் முதியோர் இதனையே கேட்கவும் கூடும். தாய்மொழிவழி எழுத்தறிவுக்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படும் 1953ஆம் ஆண்டு யுனெஸ்கோ அறிக்கை பெரிதும் குழந்தைகளை நோக்கி வாதிடுவது. அதனை முதியோருக்கு அப்படியே பொருத்துதல் ஆகாது. ஆயினும் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு என்னும் கருத்தை ஒருவர் ஒருமுறையே கற்கிறார். பொருள் தெரிந்த மொழியில் அதைக் கற்றவர், இரண்டாம் வரிவடிவத்துக்கு வடிவங்களை மட்டுமே கற்றால் போதும். மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் பழங்குடிக் குழந்தைகளுக்கு ஆக்கிய இருமொழிப் பாடநூல்கள் இந்நெறியில் அமைந்தவை. தாய்மொழியில் தொடங்கி மாநில மொழிக்குப் படிப்படியாகக் கொண்டுசெல்லும் அம்முறை, முதியோர் நூல்களில் உரிய இடம் பெறவில்லை.

கேரள எழுத்தறிவு இயக்கம் வேற்று மாநிலத் தொழிலாளருக்கென 2017இல் தொடங்கிய 'சங்ஙாதி' திட்டத்தின் பாடநூல் 'ஹமாரி மலையாளம்' என்பது. இந்தி வழியே மலையாளத்தைக் கற்பிப்பது அது. கற்போரின் மொழியை ஏணியாகக் கொள்ளும் இந்நோக்கு பாராட்டத்தக்கது. நேற்று வந்தவருக்கு மலையாளம் தெரியாது என்பது அனைவருக்கும் விளங்குகிறது. நான்கு தலைமுறையாக அம்மண்ணில் உள்ளவர் அதைப் பேசுவதால், படிக்கவும் வல்லவர் என்று கொள்ளப்படுகிறார். பத்தாம் வகுப்புச் சமநிலைக் கல்வி தமிழ்வழியிலும் கிடைப்பது உண்மையே. ஆனால் அது எழுத்தறிந்தோர்க்கு உரிய ஏற்பாடு. முதற்படியில் நிற்பவரின் தேவை வேறு.

மலையாளம் கற்பது தமிழை விடுவதும் அன்று. அரசமைப்பின் 350ஆம் உறுப்பு, மாநிலத்தில் வழங்கும் எம்மொழியிலும் குறை தீர்க்க முறையிடும் உரிமையைத் தருகிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிகள் சட்டமும் அதன் திருத்தங்களும், அறிவிக்கப்பட்ட சிறுபான்மைப் பகுதிகளில் தமிழர் உள்ளூர் அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், மறுமொழியும் தமிழிலேயே வரவேண்டும் என்கின்றன. இவ்வுரிமை தமிழில் ஒரு விண்ணப்பம் எழுத வல்லவருக்கே பயன் தரும். ஆகவே மூன்றாம் பாடநூலின் இறுதிப் பாடம் ஒரு விண்ணப்பமாக இருத்தல் தகும்: அனுப்புநர் பெயரும் முகவரியும் வேண்டுகோளும் தமிழில், அலுவலகத்தின் பெயர் அதன் பலகையில் உள்ளவாறே மலையாள எழுத்தில், 'போக்குவரவு' என்னும் சொல் இரு எழுத்திலும், கீழே, 'ஒப்பு' என்று அச்சிட்ட இடத்தில் கற்போரின் கையெழுத்து.